பழைய மாருதி 800: முன்பக்க சஸ்பென்ஷன் வேலையை வீட்டிலேயே செய்ய நினைப்பவர்களுக்கு

ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது முன்பக்கத்தில் ‘லொடக்’ என்று ஒரு சத்தம் வரும். முதலில் ஒரு பக்கம் மட்டும், அதுவும் மெதுவாகப் போகும்போது மட்டும். கொஞ்ச நாள் போனால் பாட்டைச் சத்தமாக வைத்தாலும் அது கேட்கும். பட்டறைக்குக் கொண்டுபோனால் “சஸ்பென்ஷன் ஃபுல்லா மாத்திடலாம் சார்” என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். எல்லாவற்றையும் மாற்ற வேண்டிய வண்டிகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பத்தில் பல வண்டிகளுக்கு ஒரு லோயர் ஆர்மும் நாலு ரப்பர் புஷ்ஷும் மாற்றினாலே போதும். அந்த வேலையைக் கைக்கருவிகளை வைத்து வீட்டு வாசலிலேயே செய்யலாம்.

மாருதி 800-ஐ வைத்தே சொல்கிறேன். 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்ற வண்டி. இன்று சாலையில் ஓடுவதில் கடைசியாக வந்ததற்கே பத்து வயது தாண்டிவிட்டது. ஓட்டமே இல்லாமல் நிறுத்தி வைத்திருந்தாலும் அத்தனை வருடத்தில் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். பழைய ஜென், ஆல்ட்டோ வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்ற முன்பக்க அமைப்பு உள்ள வேறு எந்த வண்டியானாலும் வேலையின் போக்கு இதுதான். நட்டு அளவும் போல்ட் இருக்கும் இடமும் மாறும், அவ்வளவே.

உள்ளே என்ன இருக்கிறது

ஒரு பக்கச் சக்கரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட். அதன் தலை பானெட்டுக்கு அடியில் பாடியோடு இணைந்திருக்கும். அடிப்பகுதி, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். நக்கிளின் அடிப்பக்கத்தைப் பிடித்திருப்பது லோயர் ஆர்ம். அதன் வெளி நுனியில் எல்லாப் பக்கமும் திரும்பும் குண்டு மூட்டான பால் ஜாயின்ட், உள் நுனியில் ரப்பர் புஷ். ஸ்டீயரிங்கிலிருந்து வரும் டை ராடு, ‘எண்டு’ எனப்படும் தன் நுனி மூட்டு வழியாக நக்கிளைத் திருப்புகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, இரண்டு பக்கத்தையும் இணைக்கும் கம்பியான ஸ்டேபிலைசர் பார். பல வண்டிகளில் அது திருப்பங்களில் வண்டி சாயாமல் பார்த்துக்கொள்வதோடு சரி. 800-ல் அதற்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. அதன் நுனி லோயர் ஆர்முக்குள் நுழைந்து, புஷ், வாஷர், நட்டு போட்டு நிற்கிறது. ஆர்ம் முன்னும் பின்னும் போகாமல் பிடித்திருப்பது அந்த நுனிதான். ஆகவே அந்த இடத்து புஷ் தேய்ந்தால் பிரேக் மிதிக்கும்போது சக்கரமே கொஞ்சம் பின்னுக்கு நகரும். பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்று பிரேக்கைக் கழற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்குபவர்கள் நிறைய. கை வைக்க வேண்டிய இடம் இந்தச் சின்ன ரப்பராக இருக்கும்.

வாங்கும் முன் கண்டுபிடியுங்கள்

ஜாக்கி போட்டு ஒரு முன்சக்கரத்தைத் தூக்குங்கள். ஸ்டாண்ட் இல்லாமல் அடியில் போகக்கூடாது. அதைப் பிறகு விளக்கமாகச் சொல்கிறேன். டயரை மேலும் கீழும், அதாவது கடிகாரத்தில் 12-உம் 6-உம் இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் அது வீல் பேரிங். நிற்கவில்லை என்றால் பால் ஜாயின்ட்டைச் சந்தேகப்படலாம். அடுத்து 9-உம் 3-உம் இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். இதில் மட்டும் ஆட்டம் வந்தால் டை ராடு எண்டு, இல்லையேல் ஸ்டீயரிங் ரேக். யாராவது சக்கரத்தை ஆட்ட, நீங்கள் டை ராடு எண்டைக் கையால் பிடித்திருந்தால் தேய்ந்த இடம் விரலுக்கே தெரிந்துவிடும்.

பால் ஜாயின்ட்டை உறுதி செய்ய ஒரு நீளக் கம்பியை லோயர் ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவே விட்டு நெம்புங்கள். நல்ல ஜாயின்ட் அசையாது. தேய்ந்தது ‘டக்’ என்று மேலே போய்க் கீழே வரும். சக்கரம் தொங்கும் நிலையில்தான் இந்தச் சோதனை சரியாக வரும். ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் வெளியே வந்து மண் அப்பியிருந்தால் இன்று ஆட்டம் இல்லாவிட்டாலும் அதன் நாள் எண்ணப்பட்டுக்கொண்டிருக்கிறது. பால் ஜாயின்ட் விஷயத்தில் தள்ளிப்போட வேண்டாம். அது கழன்றால் சக்கரம் வெளிப்பக்கம் மடிந்துகொள்ளும், வண்டி அப்படியே சாலையில் உட்காரும்.

புஷ்களைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். டார்ச் அடித்து வெடிப்பைத் தேடுங்கள். மேலோட்டமான கோடுகள் இருந்தால் பரவாயில்லை. ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்திருந்தாலோ, கம்பியால் நெம்பும்போது ஆர்ம் தாராளமாக நகர்ந்தாலோ மாற்றத்தான் வேண்டும். ஸ்ட்ரட்டில் எண்ணெய் வழிந்து தூசி பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் வண்டி தரையில் நிற்கும்போது ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப, நீங்கள் ஸ்பிரிங் மேல் மெல்லக் கையை வைத்துப் பாருங்கள். ஸ்பிரிங் சீராகச் சுழலாமல் முறுக்கிக்கொண்டு ‘டங்’ என்று துள்ளினால் மேலே உள்ள மவுண்ட்டின் பேரிங் போய்விட்டது.

சாமான் வாங்குவது

800-க்கு லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட்டோடு சேர்ந்தே வருகிறது. இடது, வலது என்று தனித்தனி. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலும் புஷ்களை இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்; ஸ்ட்ரட் என்றால் கட்டாயம் ஜோடியாகத்தான். ஆர்மை மட்டும் ஒரு பக்கம் மாற்றுவதில் தவறில்லை. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் 800-க்கு இன்னும் எல்லாம் கிடைக்கிறது. பக்கத்திலேயே புதுப்பேட்டை இருக்கிறது என்று பழைய சாமான் தேடிப் போகாதீர்கள். கதவுக்கும் கண்ணாடிக்கும் புதுப்பேட்டை சரி. பால் ஜாயின்ட்டையும் ரப்பரையும் பழையதாக வாங்குவதில் அர்த்தமே இல்லை, உங்கள் வண்டியில் இருப்பதும் பழையதுதானே.

விலை குறைவான லோக்கல் புஷ்ஷை நகத்தால் அழுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒன்று கல் மாதிரி இருக்கும், இல்லையேல் கொழகொழவென்று இருக்கும். கம்பெனி பார்ட்ஸுக்கும் அதற்கும் விலையில் உள்ள வித்தியாசம், இந்த வேலையை மறுபடி செய்வதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. நட்டு கழலாமல் துளையில் செருகி மடக்கும் ஸ்ப்ளிட் பின்களைப் புதிதாகக் கூடுதலாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழையதை நிமிர்த்தி மறுபடி போடக்கூடாது.

கருவிகளில் ரிங் ஸ்பேனர் செட், சாக்கெட் செட், நீளமான கைப்பிடி, ஒரு கிலோ சுத்தியல், கம்பி பிரஷ், நெம்புகோல், கட்டிங் பிளேயர், இவை போதும். இரண்டு விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். ஒன்று ஜோடி ஜாக்கி ஸ்டாண்ட். இன்னொன்று, எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச். கைக்கணக்கில் இறுக்கும் திறமை பல வருடம் பட்டறையில் இருந்தவருக்கு வரும். முதல் தடவை செய்பவர் ஒரு போல்ட்டைத் தளர்வாக விடுவார், அடுத்ததை மரை போகும்வரை இறுக்குவார். எந்த போல்ட்டுக்கு எவ்வளவு என்பது உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

முதல் நாள் மாலை

கழற்ற வேண்டிய எல்லா நட்டு போல்ட்டையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை அடித்து விடுங்கள். இரவு படுக்கப் போகும் முன் இன்னொரு தடவை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைச் சுத்தம் செய்வதுதான் இதில் முக்கியம். மண்ணும் துருவும் அப்பிய மரை மேல் நட்டைத் திருப்பினால் பாதியில் சிக்கிக்கொள்ளும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊர் வண்டி என்றால் அன்றே ஆர்ம் பாடியோடு சேரும் இடத்தையும் சுத்தியலின் முனையால் தட்டிப் பாருங்கள். தகடு பொத்துக்கொண்டு உள்ளே போனால் இந்த வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு வெல்டிங் தெரிந்த நல்ல டிங்கரிடம் போக வேண்டும். உளுத்த தகட்டில் புது ஆர்ம் மாட்டிப் பயனில்லை.

தூக்கி நிறுத்துவது

சமமான சிமென்ட் தரை வேண்டும். மண் தரையில் ஸ்டாண்ட் புதையும். 800 முன்சக்கர ஓட்டம் உள்ள வண்டி. கியரில் போட்டு நிறுத்தினால் கியர் பிடித்திருப்பது முன்சக்கரங்களை; நீங்கள் தூக்கப்போவதும் அவற்றைத்தான். ஆகவே கியரை நம்பாதீர்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்துவிடுங்கள்.

வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பக்கம் தூக்கி, ஸ்டாண்டை உறுதியான இடத்தில் வைத்து இறக்கி, அடுத்த பக்கமும் அதே மாதிரி. இரண்டு பக்கமும் தூக்கச் சொல்வதற்குக் காரணம் ஸ்டேபிலைசர் பார். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் அது முறுக்கிக்கொண்டு நிற்கும். அந்த நிலையில் நட்டைக் கழற்றினால் ஆர்ம் திடீரென்று அடிக்கும், திரும்ப மாட்டும்போது துளையும் நேராக வராது. இரண்டும் சமமாகத் தொங்கினால் பார் சும்மா இருக்கும்.

ஸ்டாண்டில் நின்றதும் வண்டியை நாலாபக்கமும் தள்ளிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் அடியில் இல்லாத இப்போதே விழட்டும். கழற்றிய சக்கரங்களைப் பக்கவாட்டுத் தகட்டுக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள். செங்கல், ஹாலோ பிளாக் எதையும் முட்டுக் கொடுக்காதீர்கள். அவை விரிசல் காட்டி எச்சரித்துவிட்டு உடைவதில்லை, ஒரே நொடியில் நொறுங்கிவிடும். 800 சுமார் 650 கிலோதானே என்று அலட்சியம் வேண்டாம், நெஞ்சு மேல் இறங்க அதில் கால் பங்கு போதும்.

ஆர்மைக் கழற்றுவது

முதலில் போனில் நாலு கோணத்தில் படம் எடுங்கள். வாஷர் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது, புஷ்ஷின் எந்த முகம் வெளியே இருக்கிறது என்பதெல்லாம் கழற்றிய பிறகு நினைவில் நிற்காது. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். குழப்பம் வந்தால் பார்த்துக்கொள்ள மறுபக்கம் இருக்கும்.

ஸ்டேபிலைசர் நுனியில் உள்ள ஸ்ப்ளிட் பின்னை நிமிர்த்தி உருவி, நட்டைக் கழற்றி, வாஷரையும் வெளிப்பக்க புஷ்ஷையும் வரிசை மாறாமல் ஒரு கம்பியில் கோத்து வையுங்கள். அடுத்து பால் ஜாயின்ட். இது நக்கிளின் பிளவுபட்ட காதுக்குள் நுழைந்து, குறுக்கே ஒரு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். அந்த போல்ட்டைத் தளர்த்தினால் போதாது, முழுதாக உருவ வேண்டும். பால் ஜாயின்ட் தண்டில் ஒரு பள்ளம் இருக்கிறது, போல்ட் அதில் உட்கார்ந்துதான் தண்டை வெளியே வராமல் தடுக்கிறது. போல்ட்டைப் பாதி எடுத்துவிட்டு ஆர்மைச் சுத்தியலால் அடித்தால் அது வராது, நக்கிள்தான் காயப்படும். போல்ட் முழுதாக வந்தபின் ஆர்மை நெம்புகோலால் கீழே அழுத்தினால் தண்டு இறங்கிவிடும். வர மறுத்தால் பிளவில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை லேசாகத் தட்டி விடுங்கள். உளியை அடித்து விரித்தால் காது வெடிக்கும், அப்புறம் நக்கிளும் புதிதாக வாங்க வேண்டியதுதான்.

வேறு வண்டிகளில் தண்டு கூம்பாக இருந்து அடியில் நட்டு போட்டிருக்கலாம். டை ராடு எண்டும் அந்த வகைதான். அங்கே நட்டை முழுதாகக் கழற்றாமல் சில மரையில் நிற்க விட்டு, நக்கிளின் காதைப் பக்கவாட்டில் சுத்தியலால் பலமாக இரண்டு தட்டுத் தட்டுங்கள். கூம்பு விட்டுவிடும். தண்டின் தலையில் அடித்தால் மரை மழுங்கும்.

ஆர்ம் விடுபட்டதும் நக்கிள் வெளிப்பக்கம் சாயும். அதை அப்படியே இழுக்க விடாதீர்கள், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட் பிரிந்துகொள்ளும். ஒரு கயிற்றால் நக்கிளை உள்பக்கமாகக் கட்டி வையுங்கள். பிரேக் ஹோஸ் எங்கும் பாரம் தாங்கி இழுபடக் கூடாது. இப்போது உள்பக்க போல்ட்டைக் கழற்றினால் ஆர்ம் கையில் வந்துவிடும். அடம்பிடிப்பது பெரும்பாலும் இந்த போல்ட்தான். புஷ்ஷின் உள்குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகியிருக்கும். நட்டைக் கழற்றிவிட்டு போல்ட்டின் தலையை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பி எண்ணெய் விடுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் அறுத்து எடுப்பதுதான் வழி. ஆர்மே புதிதாகப் போடுவதால் நஷ்டம் ஒரு போல்ட் மட்டும்.

புதியதை மாட்டுவது

பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீளம், வளைவு, தண்டின் தடிமன், பள்ளம் இருக்கும் உயரம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். உள்பக்க போல்ட்டை முதலில் மாட்டுங்கள், நட்டைக் கையால் மட்டும் திருப்பி விடுங்கள். பிறகு ஸ்டேபிலைசரின் உள் வாஷர், புஷ், ஆர்ம், வெளி புஷ், வாஷர் என்ற வரிசை. இதற்குக் கிரீஸோ இன்ஜின் ஆயிலோ தடவாதீர்கள், ரப்பர் ஊதிப்போகும். சோப்புத் தண்ணீர் போதும். பால் ஜாயின்ட் தண்டை நக்கிளுக்குள் ஏற்றி, பள்ளம் துளைக்கு நேராக வரும்வரை மேலே தள்ளுங்கள். போல்ட் கையாலேயே வழுக்கிப் போக வேண்டும். அடித்து ஏற்ற வேண்டியிருந்தால் பள்ளம் நேராக வரவில்லை என்று பொருள். போல்ட் போனதும் இதை உடனே டார்க் ரெஞ்ச்சால் முழுதாக இறுக்கிவிடலாம்.

ரப்பர் உள்ள இடங்களை மட்டும் இப்போது இறுக்காதீர்கள். இதுதான் பல பட்டறைகளில் அவசரத்தில் விட்டுப்போகும் இடம். புஷ்ஷின் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கிறது. போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் பாடியோடு கெட்டியாகிவிடும். அதன் பிறகு ஆர்ம் மேலும் கீழும் போவதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொண்டு நெகிழ்வதால்தான். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் அந்தத் தொங்கும் நிலைதான் ரப்பருக்கு ஓய்வு நிலையாகிவிடும். வண்டியை இறக்கியதும் பிழிந்த ஈரத்துணி மாதிரி முறுக்கிய நிலையிலேயே அது காலம் தள்ள வேண்டும். குழி வந்தால் இன்னும் முறுக்கும். சீக்கிரமே கிழியும். “போன வருஷம்தான் புஷ் மாத்தினேன், அதுக்குள்ள போச்சு” என்று சொல்லும் வண்டிகளில் பாதிக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் கணிப்பு.

ஆகவே இரண்டு பக்கமும் மாட்டி முடித்ததும் சக்கரங்களைப் போட்டு வண்டியைத் தரையில் இறக்குங்கள். பானெட்டை அழுத்தி அழுத்தி விடுங்கள். இரண்டு மூன்று மீட்டர் முன்னும் பின்னும் தள்ளுங்கள், அப்போதுதான் டயர்கள் தம் இடத்தில் உட்காரும். அதன் பிறகுதான் உள்பக்க போல்ட், ஸ்டேபிலைசர் நட்டு இரண்டுக்கும் கடைசி இறுக்கம். 800-க்கு அடியில் ஸ்பேனர் நுழைக்க இடம் இருக்காது என்பது உண்மைதான். தடித்த மரப்பலகைகளை அடுக்கி நாலு சக்கரத்தையும் அவற்றின் மேல் ஏற்றி நிறுத்தினால் கை போகும். கிணறு மாதிரி பள்ளம் உள்ள சர்வீஸ் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்தால் மெதுவாக ஓட்டிப்போய் அங்கே இறுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். தளர்ந்த ஆர்மோடு சாலையில் போவதை நான் ஏற்க மாட்டேன்.

ஸ்ப்ளிட் பின் துளை நட்டின் வெட்டுக்கு நேராக வராவிட்டால் கொஞ்சம் கூடுதலாக இறுக்கி நேராக்குங்கள், ஒருபோதும் தளர்த்தி நேராக்காதீர்கள்.

ஸ்ட்ரட் மாற்றுவதானால்

கழற்றுவது வரை வீட்டில் செய்யலாம். நக்கிள் போல்ட்டுகள் இருந்த நிலையைப் பெயின்ட்டால் குறித்துக்கொண்டு, பிரேக் ஹோஸை அதன் பிடியிலிருந்து விடுவித்து, கீழ் போல்ட்டுகளையும் மேலே பாடியில் உள்ள நட்டுகளையும் எடுத்தால் ஸ்ட்ரட் முழுதாக வந்துவிடும். நடுவில் உள்ள பெரிய நட்டைத் தொடவே கூடாது. அழுத்தப்பட்ட ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். கயிறு கட்டி, கம்பி சுற்றி ஸ்பிரிங் கழற்றும் வீடியோக்கள் நிறைய உலவுகின்றன. அவற்றைப் பார்த்து முயலாதீர்கள், அந்த ஸ்பிரிங் முகத்தில் அடித்தால் ஆள் பிழைப்பது அரிது. ஸ்ட்ரட்டைப் பையில் போட்டு ஸ்பிரிங் கம்ப்ரெஸர் உள்ள பட்டறைக்கு எடுத்துப்போய், புது ஷாக்கும் டாப் மவுண்ட்டும் மாட்டித் தரச் சொல்லுங்கள். சின்ன கூலிதான்.

ஓட்டிப் பார்ப்பது

வீல் நட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள். காலியான தெருவில் மெதுவாக ஓட்டி நாலைந்து தடவை பிரேக் போட்டு, பின்னால் எடுத்தும் பிரேக் போட்டுப் பாருங்கள். சத்தமோ இழுப்போ இல்லை என்றால் அன்றே வீல் அலைன்மென்ட்டுக்குப் போய்விடலாம். டை ராடு எண்டு மாற்றியிருந்தால் அலைன்மென்ட் தவிர்க்க முடியாதது. பழைய எண்டு எத்தனை சுற்றில் வந்ததோ அத்தனை சுற்றில் புதியதைப் போட்டிருந்தால் கடை வரைக்கும் ஓட்டிப்போகும் அளவுக்கு நேராக இருக்கும். சுமார் 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும், வீல் நட்டையும் ஒரு தடவை டார்க் ரெஞ்ச்சால் சோதித்துவிடுங்கள்.

எல்லாம் மாற்றியும் ‘கும்’ என்று ஒரு ரீங்காரம் வேகத்தோடு கூடிக்கொண்டே வந்தால் புதுச் சாமானைக் குறை சொல்ல வேண்டாம். தேய்ந்த சஸ்பென்ஷனில் ஓடிய முன் டயர்களின் மேற்பரப்பைக் கையால் தடவிப் பாருங்கள், மேடும் பள்ளமுமாக இருக்கும். முன் டயர்களைப் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டினால் ரீங்காரமும் பின்பக்கம் போகும். அப்படிப் போகாமல் முன்னாலேயே நின்றால் வீல் பேரிங்கைப் பார்க்க வேண்டும்.